பெரிய கார்புரேட்டர் போட்டால் வண்டி பறக்குமா?

மதுரைப் பக்கம் பழைய வண்டி என்றால் எல்லோருக்கும் ஜீப்தான் ஞாபகம் வரும். அதே ஜீப்பின் இன்ஜினை வைத்து ஒரு குட்டி லாரியும் ஓடியது என்பது நிறைய பேருக்குத் தெரியாது. மகிந்திரா நிறுவனம் 1965-ல் கொண்டு வந்த எஃப்.சி.150 தான் அது. மூக்கே இல்லாத தட்டை முகம், பார்க்க ரொட்டி டப்பா மாதிரி இருக்கும். பெட்ரோல் வண்டி. உள்ளே இருப்பது வில்லிஸ் கம்பெனியின் ஹரிக்கேன் இன்ஜின். நாலு சிலிண்டர், 2,199 சி.சி., 72 குதிரைத்திறன்.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இன்ஜினைப் பிரித்து, ரீபோர் அடித்து, ஹெட்டை இழைத்து, "கொஞ்சம் ஏத்தி" வைத்துக்கொள்வது உண்டு. அதில் தப்பில்லை. அடுத்து வரும் ஆசைதான் ஆபத்து. "இன்ஜினைப் பெருசாக்கியாச்சு, அப்ப கார்புரேட்டரும் பெருசாப் போடணும்ல?"

வேண்டாம்! ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. (காமர்ஸ்காரர்கள் பயப்பட வேண்டாம், வெறும் பெருக்கல்தான் :-)) இது நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுசாகக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் 2,000 தடவை. ஒரு தடவைக்கு 2.2 லிட்டர். ஆக 4,400 லிட்டர். பழைய இன்ஜின் முழுசாக நிரம்பாது, 80 விழுக்காடு நிரம்புகிறது என்று வைத்தால் சுமார் 3,500 லிட்டர். கார்புரேட்டர் விற்பவர்களின் பாஷையில் இது 125 சி.எஃப்.எம்.

சரி, ரீபோர் அடித்தாயிற்றே? சிலிண்டரை ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் கூடுவது 56 சி.சி. மட்டும். அதாவது இரண்டரை விழுக்காடு. இந்த இரண்டரை விழுக்காட்டுக்காக, அமெரிக்க எட்டு சிலிண்டர் வண்டிகளுக்குப் போடும் 350 சி.எஃப்.எம். ஹோலி கார்புரேட்டரைத் தேடுவது, இரண்டு பேர் சாப்பிட கல்யாண அண்டாவில் சோறு வடிப்பது மாதிரி.

"பெருசா இருந்தா என்ன, வேண்டியதை மட்டும் எடுத்துக்கும்ல?" என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. நடுவில் ஒடுங்கிய கழுத்து ஒன்று உண்டு. அதற்கு வெஞ்சுரி என்று பெயர். அதன் வழியே காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ஜெட் வழியே பெட்ரோலை உறிஞ்சுகிறது. கழுத்தை அகலமாக்கினால் காற்றின் வேகம் குறையும், உறிஞ்சல் குறையும், பெட்ரோல் தூளாகாமல் சொட்டாக விழும். மாட்டுத்தாவணியில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு நெரிசலில் ஊரும் வண்டிக்கு இது தினசரித் தலைவலி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு விக்கல், பிறகுதான் நகரும். விக்கலைத் தீர்க்கப் பெரிய ஜெட் போடுவார்கள். விக்கல் போகும், கூடவே மைலேஜும் போகும்.

இந்த ஹரிக்கேன் இன்ஜினில் இன்னொரு விசேஷம். காற்று உள்ளே போகும் பாதை தனியாகக் கழற்றும் மேனிஃபோல்டு இல்லை. ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. மேலே எத்தனை பெரிய கார்புரேட்டரை உட்கார வைத்தாலும் கீழே இருக்கும் சந்து அதே சந்துதான். பெரிய கதவு வைத்த குச்சு வீடு!

அப்புறம் எதற்கு எல்லோரும் மாற்றுகிறார்கள்? பல நேரம் பழைய கார்புரேட்டர் மேல் விழுவது வீண்பழி. வருஷக்கணக்கில் ஆடி ஆடி த்ராட்டில் தண்டு தேய்ந்து, அந்த இடைவெளி வழியே காற்று திருட்டுத்தனமாக நுழையும். ஐடிலிங் நிற்காது. லேத் பட்டறையில் புஷ் போட்டால் தீரும் நோய் இது. மதுரையில் லேத்துக்கா பஞ்சம்?

இன்றைய பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025-ல் நாடு 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அந்தக் காலத்து ஜெட் இந்தக் கலவைக்குக் கொஞ்சம் சிறியது. ஆகவே மாற்ற வேண்டியது ஜெட்டும், எத்தனால் தாங்கும் டியூப், வாஷர்களும்தான். மொத்த கார்புரேட்டரும் இல்லை. போட்ட பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் சரி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. அதையும் மதுரைச் சமவெளியில் வைத்துப் பாருங்கள். வத்தலக்குண்டு தாண்டி 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலுக்கு ஏறினால் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். அங்கே கொஞ்சம் புகை வருவது குற்றமில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. கேம் ஷாஃப்டையே மாற்றி, அதிக சுற்றுக்கு இன்ஜினைத் தயார் செய்தவர்களுக்கு வெபர் 32/36 மாதிரி இரட்டை வாய் கார்புரேட்டர் ஒத்து வரலாம். அதில் சின்ன வாய் முதலில் திறக்கும், அழுத்தி மிதித்தால்தான் அடுத்தது. ஆனால் சுமை வண்டியை அப்படி விரட்டுபவர் எத்தனை பேர்?

பணத்துக்கு மேல் இன்னொன்றும் இதில் போகும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுசை உட்கார வைக்க ஹெட்டைக் குடைந்தவர் பிறகு அழுது பயனில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, இதே மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் கேஸ் பிளான்ட் தயாரித்து வண்டிகளை ஓட வைத்தார். இன்ஜினுக்கு எது வேண்டும் என்று பார்த்துக் கொடுத்த ஊர் இது. பக்கத்து வண்டிக்காரர் அசந்து போக வேண்டும் என்பதற்காகப் பெரிசாக வாங்கி மாட்டினால், வண்டி பறக்காது. பர்ஸ்தான் பறக்கும்.