கொழுந்து பறிக்கும் கையும் நோயின் குறிகளும்

தொழில்வழிச் சிகிச்சைப் பயிற்சிக்குத் தெரிவாகியுள்ள மாணவி ஒருத்தி பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அடிக்கடி காணும் நோய்கள் எவை, அவற்றின் அறிகுறிகள் எவை என்பதை நம் ஊர் வாழ்வோடு பொருத்திச் சொல்லக் கூடாதா என்பது அவளது வேண்டுகோள். வீட்டாருக்கோ வேறொரு சந்தேகம்: இது வேலை தேடிக் கொடுக்கும் படிப்பா, வைத்தியப் படிப்பா என்று தந்தையார் கேட்கிறாராம். இரண்டையும் சேர்த்தே இவ்வாரம் பேசுவோம்.

தொழில் என்னும் சொல் இங்கே கூலிக்குச் செய்யும் வேலையை மட்டும் குறிப்பதன்று. தலை வாருதல், சோறு பிசைதல், சேலை கட்டுதல், குழந்தையைத் தொட்டிலில் இடுதல் ஆகிய யாவும் இதில் அடங்கும். நோயால் இவற்றை இழந்தவர் மீண்டும் செய்யும்படி பழக்குவதும், பழைய வழியில் இயலாதபோது புதிய வழி கண்டு கொடுப்பதுமே இச்சிகிச்சையின் பணி. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் கூடிய சிலர் இத்துறைக்கென முதற் சங்கத்தை அமைத்தனர். அவர்களுள் ஜோர்ஜ் பார்ட்டன் என்பவர் கட்டடக் கலைஞர். தாமே நோயால் ஒரு பக்கம் செயலிழந்து, தோட்ட வேலையாலும் தச்சு வேலையாலும் தம்மைத் தேற்றிக்கொண்டவர். நம் பக்கத்து நாட்டில், அமெரிக்காவிற் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் அம்மையார் 1950இல் பம்பாய் கே. இ. எம். வைத்தியசாலையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார்.

இவர்களுக்கெல்லாம் முந்தியவர் இத்தாலிய வைத்தியர் இரமாசினி. தொழிலாளரைப் பீடிக்கும் நோய்களைப் பற்றி அவர் 1700ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்டு வந்த கேள்விகளோடு, நீ செய்யும் தொழில் யாது என்னும் கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் கேள்வியை ஹட்டன் மலைகளில் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: கொழுந்து பறித்தல்.

பிரட்டுக் களத்திலிருந்து மலையேறிய பெண்ணின் இரு கைகளும், நிறுவை நேரம் தவிர, மாலைவரை ஓய்வதில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் கொழுந்தைப் பற்ற, மணிக்கட்டு வளைந்து திரும்ப, பிடி நிறைந்ததும் கை தோளுக்கு மேலாகச் சென்று முதுகுக் கூடையில் எறிகிறது. இத்தகைய கைக்கு வரும் நோய்களில் முதலாவது, கார்ப்பல் டனல் என்று டொக்டர்கள் குறிப்பிடுவது. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்பும் தசைநாரும் சூழ்ந்த இடுக்கு வழி ஒன்றுண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் என்னும் நரம்பும் அதனூடே செல்கிறது. நாண்கள் வீங்கினால் இடம் போதாது; நெரிபடுவது நரம்பே. அதன் ஆளுகைக்குட்பட்ட பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியன மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் எரியும். நள்ளிரவில் விழித்தெழுந்து கையை உதறினால் சற்றுச் சுகம் தெரியும். இந்த உதறலே நல்லதொரு அடையாளம். பிடித்த கோப்பை நழுவுவதும், இரவிக்கைக் கொக்கி மாட்ட இயலாமையும் அடுத்த படி. பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றித் தட்டையாகிவிட்டால் நோய் முற்றிவிட்டது என்க. கருவுற்ற காலத்திலும், நீரிழிவு உள்ளவர்க்கும், தைரொயிட் சுரப்பு குறைந்தவர்க்கும் இது எளிதில் வரும். தொடக்கத்திலேயே மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் தாங்குபட்டை ஒன்றை இரவில் அணிந்தால் பலருக்குக் குணம் தெரியும். அப்பட்டையை அளவறிந்து செய்து கொடுப்பது நம் மாணவியின் வருங்கால வேலைகளுள் ஒன்று. முற்றியபின் சத்திர சிகிச்சைதான் வழி.

தோட்டத்தில் இதை ஏன் காலத்தில் கண்டுகொள்வதில்லை? குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப் பேர்தான் விழும். கை மரக்கிறது என்று சொன்னால், வயதாகிவிட்டது என்று பெயரெடுக்க நேருமோ என்ற பயம். ஆகவே அந்தப் பெண் தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போகிறாள். மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: எங்கே வலிக்கிறது என்று கேட்டால், வலி இல்லை என்ற பதில் வரக்கூடும், முன்பு செய்து இப்போது செய்ய முடியாத வேலை எது என்று கேட்டாலோ உண்மை வெளிப்படும்.

பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் மட்டும் வலி என்றால் அது வேறு. பெருவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னால் சுரீரென்று வலிக்கும். 1895இல் இதை விவரித்த சுவிஸ் நாட்டு வைத்தியர் டி கெர்வேனின் பெயரே நோய்க்கும் வழங்குகிறது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் இது வருவதுண்டு.

சுண்டுவிரல் மரக்குமாயின் முற்றிலும் வேறு கதை. அது முழங்கையின் பின்புறமாக ஓடும் அல்னார் நரம்பின் குறை. அங்கே நெரிபட்டிருக்கலாம், அரிதாகத் தொழுநோயாகவும் இருக்கலாம். உடலில் உணர்ச்சியற்ற வெளிறிய படை ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். தொழுநோய் மருந்தால் முற்றாகக் குணமாவது. காலந்தாழ்த்தினால் மட்டுமே விரல்கள் நகம்போல் வளைந்து நிற்கும். அவ்வாறு வளைந்த கைகளை நிமிர்த்தும் சத்திர சிகிச்சையை வேலூரில் டொக்டர் போல் பிராண்ட் வளர்த்தார். அங்கே பணியாற்றிய டொக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் இடுப்பின் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் 1966இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே உயிராக இருந்தார்.

மூட்டு நோய்களிலும் இருவகையைப் பிரித்தறிய வேண்டும். விடியற்காலையில் விரல்கள் மடங்காமல் சேலைக் கொசுவம் பிடிக்க முடியவில்லை, மலையில் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேலான பிறகே இளகுகிறது, இரு கைகளிலும் ஒரே மாதிரி வீக்கம் என்றால் அது முடக்குவாதம். உடலின் காப்புப் படையே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய் அது; ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. காலையில் அரைமணிக்குள் இறுக்கம் நீங்கி, வேலை செய்யச் செய்ய வலி கூடி, சரிவில் இறங்கும்போது முழங்கால் நோவு கொல்கிறதென்றால் அது மூட்டுத் தேய்வு. முன்னதை மருந்தால் விரைந்து அடக்காவிடில் மூட்டுகள் கோணிவிடும்.

இரத்தசோகையைப் பற்றிச் சொல்லாமல் மலைநாட்டு நோய்களைச் சொல்லி முடித்தல் இயலாது. படியேற மூச்சு வாங்குதல், கீழிமையின் உட்புறம் வெளிறுதல், கடைவாய்ப் புண், பச்சையரிசியோ மண்ணோ தின்னும் ஆசை ஆகியன அதன் குறிகள். வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும் கொக்கிப் புழு இதன் பழைய காரணம். அதனை ஒழிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இலேயே இலங்கைத் தோட்டங்களில் வேலை தொடங்கினர். இரும்புச் சத்தில்லாத உணவும், மாதப்போக்கு மிகுதியும் மற்றைய காரணங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்பை உடலிற் சேரவிடாது தடுக்கும் என்பது, உலகுக்கே தேயிலை அனுப்பும் நமக்குச் சற்றுக் கசப்பான செய்திதான்! சோம்பேறி என்று திட்டு வாங்கும் எத்தனையோ பெண்கள் உண்மையில் இரத்தம் குன்றியவர்களே.

இனிப் பாரிசவாதம். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை துவண்டு விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துக்கு நாலரை மணி நேரமே கெடு. எண்ணெய் தேய்த்துப் பார்க்க அவகாசமில்லை.

உயிர் தப்பியபின் தொழில்வழிச் சிகிச்சையாளரின் காலம் தொடங்குகிறது. மூளையின் வலப்பாகம் பாதிக்கப்பட்டவர் சிலர் தட்டின் வலப்பாதிச் சோற்றை உண்டுவிட்டு, இடப்பாதி அப்படியே இருக்க, இன்னும் சோறு கேட்பர். கண்ணிற் குறையில்லை; இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது. வீட்டார் இதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கோபிப்பார்கள். துவண்ட கையைப் பிடித்திழுத்து நோயாளியை எழுப்புவதும் வீடுகளில் சாதாரணமாக நடக்கும் தவறு. தோள் மூட்டு நழுவிப் பின்னர் தீராத வலியாகிவிடும். சட்டை அணிவிக்கையில் பலமற்ற கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றுகையில் பலமுள்ள கையை முதலில் எடுக்க வேண்டும்.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட வைத்தியசாலையைப் போன்ற நல்ல கட்டடத்தில், சமதளத்தில், நோயாளி கைத்தடியுடன் நடந்துவிடலாம். அவர் திரும்பிச் செல்வதோ லயத்துக்கு. வழியிலே கற்படிகள்; மழைக் காலத்தில் பாசி. கழிவறை வெளியே, தண்ணீர்க் குழாய் இன்னும் தள்ளி. ஆகவே மாணவி தன் குறிப்புப் புத்தகத்தில் நோயின் பெயருக்குப் பக்கத்தில், காம்பராவின் வாசற்படி எத்தனை அங்குல உயரம், பிடித்துக்கொள்ளச் சுவர் எந்தப் பக்கம், இரவில் துணைக்கு யார் உண்டு என்பவற்றையும் எழுதிக்கொள்ள ஓர் இடம் விட்டு வைக்கட்டும்.