பரண் கட்டும் முன் எடை பாருங்க!

போன மாதம் நாலு நாள் லீவு போட்டு வள்ளியூருக்குப் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி "சாப்பிட்டியா?" இல்லை. "வெல்டிங் பட்டறையில உனக்கு யாரையாவது தெரியுமாட்டி?"

விஷயம் எங்கள் புறவாசல் ஷெட். பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஹாலோ பிளாக் சுவர், மேலே தகர ஷீட். மண்வெட்டி, பழைய சைக்கிள், ஆச்சியின் சீதனப் பாத்திரங்கள், என் ஸ்கூல் புத்தகங்கள் எல்லாமே தரையில்தான். அதற்குள் ஒரு பரண் வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் கோரிக்கை.

காரணம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமிருந்த மாமா வீட்டுக்குள் தாமிரபரணி இடுப்பளவு வந்துவிட்டது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரம், அத்தையின் பட்டுச்சேலைகள் எல்லாம் சேறு. பரணில் கிடந்த பழைய பாய், தலையணை, கொலுப் பொம்மைப் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வள்ளியூருக்கு தாமிரபரணி வராது. ஆனாலும் அன்றிலிருந்து தரையில் எதைப் பார்த்தாலும் அம்மாவுக்குப் பயம்.

அப்பாவிடம் ஒரு திட்டம் இருந்தது. "மேலதான் கூரை பைப் போகுதே, நாலு கம்பியத் தொங்கவிட்டுப் பலகையப் போட்டா முடிஞ்சுது!"

வேலை பார்க்க வந்த வெல்டிங் அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். கூரை பைப் ஷீட்டைத் தாங்க மட்டும்தான் போட்டது. அதோடு, நம்ம ஊர்க் காற்றைச் சொல்லவே வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்று, எங்கள் ஷீட்டையும் மேலே தூக்கப் பார்க்கும். தூக்குகிற கூரையில் சுமையையும் தொங்கவிட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஜாயின்ட் ஆட்டம் காணும். சரி, சுவரில் ஆங்கிள் அடிக்கலாமா? ஹாலோ பிளாக்கின் உள்ளே பொந்து. போல்ட் நன்றாகப் பிடிக்காது. ஆக, பரண் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். தரையிலிருந்து எழும்பும் ஆறு இரும்புக் கால்கள், ஆடாமலிருக்க பக்கவாட்டில் குறுக்குச் சட்டம், இரண்டடிக்கு ஒரு பைப், அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட்.

ஆச்சிக்கு பிளைவுட் பிடிக்கவில்லை. அவர் பிறந்த வீட்டுப் பரண் முழுக்கப் பனங்கை. ஆனால் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். அது நல்ல விஷயமும்கூட. பழைய வீடு இடிக்கிற இடத்தில் பனங்கை கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டியும் குத்தியும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எவ்வளவு தாங்கும்? வீட்டு அறையின் தரைக்கே சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு சுமையை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர நிர்ணயம். எங்கள் பரண் பத்தடிக்கு நாலடி. அதாவது சுமார் 3.7 சதுர மீட்டர், 740 கிலோ. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அது பரப்பி வைக்கும் சுமை. நடுவில் ஒரே இடத்தில் குவித்தால் இந்தக் கணக்கு செல்லாது. கனமானவை கால்களுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மேலே ஏறும் ஆளின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எடை பார்க்கும் மெஷினை வெளியே கொண்டு வந்தேன். முதலில் நான் மட்டும் ஏறி நின்று எடை பார்ப்பது, பிறகு சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறுவது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாமானின் எடை. பித்தளை அண்டாதான் ஜெயிக்கும் என்று நினைத்தேன். ஜெயித்தது என் பிளஸ் டூ கைடுகள் இருந்த அட்டைப்பெட்டி, 34 கிலோ! மறுநாளே பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டேன். பரணில் ஏற்றுவதற்கு முன்னால் தேவையில்லாததைக் கழிப்பதுதான் பாதி வேலை.

தகர ஷீட்டுக்கு அடியில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெயின்ட், தின்னர், கேஸ் சிலிண்டர் மேலே கூடவே கூடாது. போட்டோ ஆல்பமும் ஒட்டிக்கொள்ளும். அம்மா பத்திரமாக வைக்க நினைத்த பத்திரங்களுக்கும் இது இடமில்லை. அவை வீட்டுக்குள், அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

ஆச்சியின் அண்டாவில்தான் சண்டை வந்தது. அதை மேலே வைத்தால், பொங்கலுக்கு முந்தின நாள் யாரையும் கேட்காமல் 74 வயதில் ஏணியில் ஏறுவார். "எம் பாத்திரத்த எடுக்க நான் யார்ட்டட்டி கேக்கணும்?" என்றார். அதுவும் நியாயம்தானே? அண்டாவும் குத்துவிளக்கும் கீழேயே, ஓரடி உயர மேடையில் இருக்கட்டும் என்று முடிவானது. கொலுப் பொம்மை, கம்பளி, காலி டிரங்குப் பெட்டி மட்டும் மேலே.

பரண் ஆறரை அடி உயரத்தில் இருக்கிறது, கீழே தலை இடிக்காது. முன்விளிம்பில் நாலு அங்குலத் தடுப்புப் பட்டி, சாமான் உருண்டு விழாது. ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் தள்ளி வைத்துச் சாய்த்து, மேல்முனையைக் கொக்கியில் மாட்டுகிறோம்.

ஆச்சி இன்னும் அந்த ஏணியைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். அப்பா ராத்திரியானால் அதைக் கழற்றித் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்.