படிக்க முடியாத மூன்றாமவன்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு, கண்ணுக்குத்தான் அதிகம். அந்த ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது ஒரே ஒரு சொல் என்னை மறித்தது. பந்தைக் கையில் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக், எதிரணித் தடுப்பாளனைப் ‘படிக்கிறான்’ என்று பத்திக்குப் பத்தி வந்தது. ‘கணிக்கிறான்’ என்று மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

ஆட்டம் புரிந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளில் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து கைமாறிவிடும். பழைய பாணியில் இரு அணிகளும் நடுவில் நெருங்கி நின்று மோதின. எடையும் பலமும் உள்ள பக்கம் ஜெயித்தது. ‘ஸ்பிரெட்’ என்ற விரிப்பு உத்தி இதைத் தலைகீழாக்கியது. மைதானத்தின் அகலம் 53 கெஜத்துக்குச் சற்று அதிகம். ஓரம்வரை நாலைந்து பேரைப் பரப்பி நிறுத்திவிட்டால், தடுப்பவர்களும் அவர்களோடு விலகித்தான் ஆக வேண்டும். நடுவில் இடம் காலியாகிவிடும்.

1990களில் ரிச் ராட்ரிகஸ் என்ற பயிற்சியாளர் இதில் இன்னொரு தந்திரத்தைச் சேர்த்தார். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவனை வேண்டுமென்றே யாரும் மறிப்பதில்லை. அவன் ஓட்டக்காரன் மேல் பாய்ந்தால், குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுக்காமல் தானே ஓடுவான். தயங்கி நின்றால், பந்து ஓட்டக்காரனிடம் போகும். எதைச் செய்தாலும் தப்பு. பாவம், அவன் திறந்த புத்தகம்.

புத்தகமே பொய் சொன்னால்? தடுப்பவர்கள் கண்டுபிடித்த முதல் பதில் அதுதான். ஓரத்தில் நிற்பவன் தெரிந்தே உள்ளே பாய்வான். குவார்ட்டர்பேக் பந்தோடு வெளியே ஓடுவான். அங்கே, பின்னாலிருந்து சுற்றி வந்த லைன்பேக்கர் காத்திருப்பான். படித்தவன் சரியாகத்தான் படித்தான், பாடம்தான் போலி.

பந்தை வீசும்போது சிக்கல் பெரிது. அதிகம் பேரை ஏவி வீசுபவனை நசுக்கலாம் என்று தோன்றும். ஆனால், ஏவப்படும் ஒவ்வொருவனும் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறான். இரண்டு மூன்று வினாடிகளில் பந்து அங்கே போய்விடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இங்கே கெஜக் கணக்கில் நிரூபணமாகும்.

அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தடுப்புப் பயிற்சியாளர் ஜான் ஹீகாக் நேர்மாறாக யோசித்தார். முன்வரிசையில் மூன்றே பேர். அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள். மீதி ஐவரும் பின்காவல். அவர்களில் மூவர் ‘சேஃப்டி’கள். சூட்சுமம், அந்த மூவரில் நடுவே நிற்பவனிடம் இருக்கிறது. முன்னே எத்தனை பேர் என்று எண்ணித்தான் ஓடுவதா, வீசுவதா என்று எதிரணி முடிவு செய்யும். நடுவன் நிற்கும் இடமோ இரண்டுங்கெட்டான். ஓட்டம் வந்தால் முன்னே இறங்குவான். வீச்சு வந்தால் பின்னே போவான். எந்தக் கணக்கிலும் அடங்க மாட்டான்.

2017 அக்டோபர் 7 அன்று, தரவரிசையில் மூன்றாமிடத்தில் இருந்த ஓக்லஹோமாவை அதன் சொந்த மைதானத்தில் அயோவா ஸ்டேட் சந்தித்தது. எதிரே, அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருதைப் பிறகு வென்ற பேக்கர் மேஃபீல்டு. ஆரம்பத்தில் ஓக்லஹோமா முந்தியது. முடிவில் அயோவா ஸ்டேட் 38, ஓக்லஹோமா 31. பிறகு பல கல்லூரி அணிகள் இந்த அமைப்பைக் கடன் வாங்கின.

31 புள்ளிகள் கொடுத்த தடுப்பை இரும்புக் கோட்டை என்று சொல்ல முடியாது. அந்த ஆசையே அதற்குக் கிடையாது. கிரிக்கெட்டில் கெட்டிக்காரக் கேப்டன் ஒற்றை ஓட்டங்களை விட்டுக்கொடுத்து பவுண்டரியை மறுப்பதைப்போல, நாலைந்து கெஜத்தைத் தந்து நாற்பதை மறுப்பதுதான் இதன் லட்சியம். விலையும் உண்டு. முன்னேயுள்ள மூவரும் ஐந்து பேரின் முட்டலைத் தாங்க வேண்டும். திறந்த வெளியில் ஒரு பிடி நழுவினால் ஆட்டமே நழுவிவிடும். பாய்ந்தவனுக்குக் கைதட்டும் கூட்டம், பாயாமல் நின்றவனைக் கவனிப்பதுகூட இல்லை.

கட்டுரையில் ‘படிக்கிறான்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். தப்பாகப் படிக்க வைப்பதற்காகவே ஒருவனை நிறுத்துகிற ஆட்டத்துக்கு வேறு சொல் எதற்கு?