மாதச் சம்பளத்தைக் கேட்காதீர்கள், மணிக் கூலியைக் கேளுங்கள்

வெள்ளானூரில் பொழுது விடிந்ததும் இரண்டு கூட்டம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. ஒன்று, கம்பெனி வேனுக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் பிள்ளைகள். இன்னொன்று, மண்வெட்டியும் பாண்டுமாக நூறு நாள் வேலைக்கு நடக்கும் பெண்கள். பல வீடுகளில் இந்த இருவரும் தாயும் பிள்ளையும்தான்.

இருவரில் யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டால், யோசிக்காமல் பிள்ளையைத்தான் காட்டுவோம். மாதம் பதினைந்தாயிரம் எங்கே, நாளுக்கு முந்நூறு சொச்சம் எங்கே? ஆனால் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் பதினைந்தாயிரம் எத்தனை மணி நேரத்துக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காண்ட்ராக்ட் மூலம் அம்பத்தூர் பக்கம் வேலைக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 208 மணி நேரம். மணிக்கு 72 ரூபாய் வருகிறது. அதே 15,000 ரூபாய் 12 மணி நேர ஷிப்டுக்கு என்றால் 312 மணி நேரம். மணிக்கு 48 ரூபாய்தான். வேனுக்குக் காத்திருப்பதும் போய்வருவதுமாக நாளுக்கு இரண்டு மணி நேரத்தைச் சேர்த்தால் மணிக்கு 41 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 42 ரூபாய். ஏரியில் மண் வெட்டும் தாயைவிட, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு போகும் பிள்ளைக்கு மணிக்கு ஒரு ரூபாய் குறைவு.

தாய் வசதியாக இருக்கிறாள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவளுக்கு ஆண்டு முழுவதற்கும் வேலை உத்தரவாதம் இல்லை. அளந்து பார்த்து வேலை குறைவு என்று சொல்லிவிட்டால் முழுக் கூலியும் வராது. ஆவடியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சும் எழுந்தது. ஊராட்சி என்ற நிலை போய்விட்டால் நூறு நாள் வேலையும் போய்விடும். நாம் சொல்ல வருவது, மாதக் கணக்கு எதை மறைக்கிறது என்பதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. இது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த விதி. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. எட்டு மணி நேரத்துக்கு மாதம் 15,000 என்றால், தினமும் நான்கு மணி நேர ஓ.டி.க்கு இன்னொரு 15,000 வர வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு 30,000 ரூபாய் வாங்க வேண்டிய பிள்ளை பாதியை வாங்கிக்கொண்டு, அதையும் பெருமையாக வீட்டில் சொல்கிறான்.

மற்ற வேலைகளையும் இதே தராசில் வைப்போம். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2021-22இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் விவசாயக் கூலி வேலை செய்த ஆண்களின் சராசரி நாள் கூலி ஏறத்தாழ 446 ரூபாய், கட்டட வேலையில் 479 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 56, 60 ரூபாய். அதே ஆண்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 273. மணிக்கு 34 ரூபாய். பக்கத்து மாநிலமான கேரளத்தில் விவசாயக் கூலி 727. மணிக்கு 91 ரூபாய். கூலிக்காகச் சேர்ந்து நின்று போராடிய நீண்ட வரலாறு அங்கே இருக்கிறது. இவை ஆண்களுக்கான எண்கள். பெண்களுக்கு நாற்று நடவிலும் சித்தாள் வேலையிலும் கிடைப்பது இதைவிடக் குறைவு. சம வேலைக்குச் சமக் கூலி தர வேண்டும் என்று 1976இல் சட்டம் வந்த பிறகும் நிலைமை இதுதான்.

கம்பெனிப் பக்கம் வருவோம். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அங்கே நிரந்தரத் தொழிலாளியின் சராசரிச் சம்பளம் ஏறத்தாழ 25,000 ரூபாய் என்று செய்திகள் வந்தன. 208 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 120 ரூபாய். அதுவும் போதாது என்றுதான் அவர்கள் சங்கம் வைத்தார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். மாதம் ஏறத்தாழ 23,000 வாங்கிவந்தவர்கள், குப்பை அள்ளும் வேலை தனியாரிடம் போனால் ஏறத்தாழ 17,000தான் கிடைக்கும் என்று சொன்னார்கள். மணிக் கணக்கில் 111 ரூபாய் 82 ஆக இறங்குகிறது. அதே தெரு, அதே குப்பை, அதே கை. முதலாளி மாறினால் மணிக்கு 29 ரூபாய் போய்விடுகிறது. நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள் அதிகம்.

இங்கேதான் கூலிக் கணக்கு சாதிக் கணக்காக மாறுகிறது. மணிக் கூலியை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். கீழே போகப் போகக் காலனியின் முகவரி அதிகமாகும். கம்பெனிக்குள்ளேயும் அப்படித்தான். இயந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கு ஒரு கூலி; அதன் அடியில் சிந்திய எண்ணெயைத் துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்ணுக்கு வேறு கூலி.

'அப்படியானால் பிள்ளைகள் கழனிக்கே திரும்பட்டும்' என்று சிலர் சொல்லக்கூடும். அதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். நம் பிள்ளைகள் கழனியைவிட்டு வெளியேறியது கூலிக்காக மட்டும் இல்லை. ஆண்டை வீட்டு வாசலில் கைகட்டி நிற்காமல் இருக்க வெளியேறினார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிடும் இடம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள இடம் என்று நம்பித்தான் வேனில் ஏறினார்கள். மானத்துக்காகக் கொஞ்சம் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். அந்த விட்டுக்கொடுத்தலைக் காண்ட்ராக்டர்கள் லாபமாக்கிக்கொண்டார்கள். மானமும் வேண்டும், கூலியும் வேண்டும் என்பதே நம் நிலை.

எட்டு மணி நேரம் என்பது தானாக வந்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த 1946இல்தான், வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலை 48 ஆகக் குறைய வழி பிறந்தது. குறைந்தபட்சக் கூலிக்கான மசோதாவும் அந்த ஆண்டுதான் வந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தில் நுழைய முடியாத 12 மணி நேரம், காண்ட்ராக்டரின் வேனில் ஏறித் தினமும் நுழைகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கலாம் என 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருந்தது. புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. 2018இல் தமிழ்நாடு அரசே வீட்டு வேலை செய்பவர்களுக்கு மணிக்கு 37 ரூபாய் முதல் என்று நிர்ணயித்தது. தொகை போதாது, ஆனால் மணிக் கணக்கில் சொல்ல முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டு வேலைக்கு முடிந்தது தொழிற்பேட்டைக்கு ஏன் முடியாது?

நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் வேலை செய்த மணி நேரமும் மணிக் கூலியும் எழுதப்பட வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தொழிற்கூட வாசல்களில் காண்ட்ராக்ட் தொழிலாளியின் மணிக் கூலி தமிழில் பலகையாக நிற்க வேண்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் ஷிப்ட் முடியும் நேரத்தில் வந்து பார்க்க வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. மே 1ஆம் தேதி ஊராட்சிதோறும் கிராம சபை கூடுகிறது. அன்று குடிநீர், தெருவிளக்கோடு கூலியையும் பேசுவோம்; தீர்மானமாக எழுதச் சொல்வோம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அதற்கு முன் காலனியில் வீடு வீடாகப் போய் மூன்றே கேள்வி கேட்டு வரட்டும்: எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், மாதம் கையில் எவ்வளவு வருகிறது? வகுத்து வரும் எண்ணை அந்த வீட்டாரிடமே சொல்லுங்கள். பல வீடுகளில் அந்த எண்ணை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பார்கள்.