காற்றுக்கு வழி விடாத பெட்டிகள்

ஏர்பேட்டில் 'ஏர் கூலர்' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது, ஜன்னலோரம் தண்ணீர் நிரப்பி வைக்கும் பெரிய பெட்டிதான். சித்திரை, வைகாசியில் அது இல்லாத வீட்டில் பகற்பொழுதைக் கழிப்பது பெரும்பாடு. இப்போது அதே பெயரில் இன்னொரு சரக்கும் கடைகளில் விற்பனையாகிறது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் மீது உட்காரும், அலுமினியத் தகடுகளும் ஒரு விசிறியும் சேர்ந்த சாதனம் அது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. ஜன்னலோரக் கூலர், தண்ணீர் ஆவியாவதால் வரும் காற்றைக் குளிரச் செய்கிறது. பிராசஸர் கூலர் எதையும் குளிரச் செய்வதில்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து, பக்கத்திலுள்ள காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவே. இந்த வேறுபாடு புரியாததால் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பல வீடுகளில் வீணாகிக்கொண்டிருக்கிறது.

ஏர்பேடு இன்று பழைய சிற்றூர் அல்ல. 2022-ல் திருப்பதி மாவட்டம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூரில்தான் திருப்பதி ஐ.ஐ.டி.யின் நிரந்தர வளாகம் எழுந்திருக்கிறது. அந்தக் கல்வி நிறுவனம் 2015-ல் திருப்பதியில் தற்காலிக இடத்தில் தொடங்கப்பட்டது. ரேணிகுண்டா, ஏர்பேடு, காளஹஸ்தி வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக உண்டு. ரயில்வேயிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்ப்போரின் பிள்ளைகள் படம் வரையவும், கணக்குப் போடவும், புரோகிராம் எழுதவும் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்கும் காலம் இது. மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அது ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய்ச் சமாசாரம்; சேமநலநிதியில் முன்பணம் எடுத்தோ, சீட்டு எடுத்தோ வாங்க வேண்டியது.

1980-களில் வங்கிகளுக்கும் பெரிய அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று தனி அறை கட்டி, குளிர்சாதனம் பொருத்தி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். குமாஸ்தாக்கள் வெளியே மின்விசிறியின் கீழ் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று யந்திரத்துக்குக் கிடைத்த அந்த ராஜ உபசாரம் இன்று கிடையாது. ஒற்றை அறை வாடகை வீட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ மொட்டை மாடியை ஒட்டிய அறையிலோ, அடுப்புக்குப் பத்தடி தள்ளி அது உட்கார்ந்திருக்கிறது.

வாங்கும்போது நடப்பது என்ன? திருப்பதியிலோ, சென்னை ரிச்சி தெருவிலோ, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ தகப்பனும் மகனும் கடை ஏறுகிறார்கள். கண்ணைப் பறிப்பது கேபினட். முன்புறம் முழுக் கண்ணாடி, பக்கத்திலும் கண்ணாடி, உள்ளே ஏழு நிறங்களில் சுழலும் விளக்கு விசிறிகள். மகன் அதன் முன்னாலிருந்து நகர மறுக்கிறான். கடைக்காரரும் நல்ல சரக்கு என்கிறார். கேபினட்டுக்கும் விளக்குக்கும் போன பணத்தை, மின்சாரப் பெட்டியிலும் கூலரிலும் பிடித்தம் செய்து பட்ஜெட்டைச் சரிக்கட்டுகிறார்கள். மார்கழியில் வாங்கிய யந்திரம் பங்குனி வரை குறையின்றி ஓடுகிறது. அதன்பின் விசிறி இரைகிறது, படம் தடுமாறுகிறது, வேலை மந்தமாகிறது. மறுபடி கடைக்கு ஓடினால், 'தண்ணீர் கூலர் போட்டுவிடுங்கள்' என்ற யோசனை கிடைக்கிறது. இன்னும் ஆறாயிரமோ எட்டாயிரமோ செலவு.

இங்கே ஒரு சிறு கணக்கு பார்ப்பது நல்லது. நடுத்தர கம்ப்யூட்டர் ஒன்று, படம் வரையும் தனி அட்டையும் சேர்த்து, கடும் வேலையின்போது 300 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதிக்குக் கிட்டத்தட்ட வரும் இது. கேபினட் வழியாக நிமிஷத்துக்கு 50 கன அடி காற்று புகுந்து வெளியேறினால், அந்தக் காற்றின் சூடு சுமார் 11 டிகிரி உயரும். முன்புறக் கண்ணாடி அடைத்துக்கொண்டு 25 கன அடிதான் நுழைகிறது என்றால் 22 டிகிரி உயரும். ஏர்பேட்டில் மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுவது புதுமையல்ல. அறைக்குள் 38 என்றே கொள்வோம். முதல் பெட்டிக்குள் காற்று 49 டிகிரி, இரண்டாவதில் 60. இந்த 60 டிகிரிக் காற்றை வைத்துக்கொண்டுதான் கூலர் பிராசஸரின் சூட்டைத் தணிக்க வேண்டும். எட்டாயிரம் ரூபாய்க் கூலராக இருந்தாலும் தனக்குக் கிடைக்கும் காற்றைவிடக் கீழே எதையும் கொண்டுபோக அதனால் ஆகாது.

விளம்பரங்களிலும் விமர்சனங்களிலும் காணும் அளவுகள் பெரும்பாலும் 20, 25 டிகிரி வெப்பமுள்ள அறையில் எடுக்கப்பட்டவை. அங்கே 70 டிகிரி காட்டும் பிராசஸர் ராயலசீமைக் கோடையில் 85-ஐத் தொடுமென்று எதிர்பார்க்க வேண்டும். இன்றைய பிராசஸர்கள் 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும் எரிந்துபோவதில்லை; தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஆகவே பெரிய பிராசஸருக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர் சிறிய பிராசஸரின் வேகத்தையே அனுபவிக்கிறார். அது அவருக்குத் தெரிவதுமில்லை. பிராசஸருக்காவது இந்தத் தற்காப்பு உண்டு. மின்சாரப் பெட்டியிலும் தாய்ப்பலகையிலும் உள்ள சில வகைக் கெபாசிட்டர்களுக்கு அதுவும் இல்லை. பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

வீடு கட்டத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. வாசலுக்கு நேரே கொல்லைக் கதவு வைத்தார்கள் பெரியவர்கள். வாசலைத் திறந்து வைத்துக் கொல்லைக் கதவைச் சாத்தினால் காற்று உள்ளே வராது. வந்த காற்று வெளியேறினால்தானே அடுத்தது வரும்! கேபினட்டுக்கும் அதே முறைதான். முன்புறம் கம்பிவலை போட்ட முகப்பு, அதன் பின்னே உள்ளிழுக்கும் விசிறி இரண்டு, பின்புறம் மேலே வெளியேற்றும் விசிறி ஒன்று. இவ்வளவு போதும். சூடான காற்று மேலே எழும் என்பதால் உச்சியிலும் துளைகள் இருந்தால் நல்லது. விசிறிகளை எண்ணிக்கைக்காகத் திசை பாராமல் மாட்டி, எதிரெதிராக ஊதவிட்டு, உள்ளே சுழல்காற்றை உண்டாக்குவோரும் இருக்கிறார்கள். விசிறியின் தாங்கிக் கம்பிகள் தெரியும் பக்கமாகத்தான் வழக்கமாகக் காற்று வெளியேறும். மாட்டுமுன் இதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏர்பேட்டுக்குப் பக்கத்திலுள்ள காளஹஸ்தி, பஞ்சபூதத் தலங்களில் வாயுத் தலம். காற்று புகாத கருவறையில் விளக்குச் சுடர் அசைவதைக் காணப் பக்தர்கள் வருகிறார்கள். அது தெய்வத்தின் காரியம். அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றை வரவழைக்கும் மகிமை கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு இன்னும் சித்திக்கவில்லை!

இனிக் கூலர் விஷயம். 65 வாட் வகைப் பிராசஸர்கள் பலவற்றுடன் கம்பெனியே ஒரு சிறு கூலரைச் சேர்த்துக் கொடுக்கிறது. குளிர்சாதன அறையில் கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் அது தாராளமாகப் போதும். ஏர்பேட்டுக் கோடையில் மணிக்கணக்காகக் கடும் வேலை வாங்குவதற்குத்தான் அது திணறும். அந்த 65 வாட் என்பதும் அடிப்படைக் கணக்கே. இன்டெல் கம்பெனியின் ஐ5-12400 பிராசஸருக்கு 65 என்று பெட்டியில் இருந்தாலும், உச்ச வேகத்துக்கு 117 வாட் என்று அந்தக் கம்பெனியே குறித்திருக்கிறது. ஆகவே நின்ற வாக்கில் அமையும் கோபுர வகைக் கூலர் ஒன்றைத் தனியே வாங்குவது வீண் செலவல்ல. 120 மில்லி மீட்டர் விசிறியும் நான்கு செப்புக் குழாய்களும் உள்ளவை 1,500-லிருந்து 3,000 ரூபாய்க்குள் அகப்படுகின்றன. அந்தக் குழாய்களுக்குள் நடப்பது இட்லிப் பானையில் தினமும் நடப்பதுதான். அடியில் துளி நீர் ஆவியாகி மேலே போகிறது. மூடியில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. குழாயிலும் சிறிதளவு திரவம் பிராசஸரின் சூட்டில் ஆவியாகி, தகடுகளின் பக்கம் சூட்டைக் கொடுத்துவிட்டு, உட்சுவரின் திரிபோன்ற பரப்பு வழியே திரும்பி வருகிறது. தேய்வதற்கு இதில் விசிறியைத் தவிர ஒன்றுமில்லை. அந்த விசிறி போனாலும் சில நூறு ரூபாயில் வேறு மாட்டலாம்.

தண்ணீர் கூலர் கெட்டதென்று சொல்வதற்கில்லை. 250 வாட் இழுக்கும் மிகப் பெரிய பிராசஸர்களுக்கு அது தேவைப்படலாம். ஆனால் அதுவும் கடைசியில் சூட்டைக் காற்றிடம்தான் கொடுக்கிறது. அடைத்த பெட்டிக்குள் வைத்தால் அதே கதிதான். அதன் பம்பு நின்றுவிட்டால் உள்ளூரில் பழுது பார்ப்பாரில்லை. உத்தரவாதச் சீட்டுடன் சென்னைக்கு நடையாய் நடப்பதும், அத்தனை நாள் பிள்ளையின் படிப்பு நிற்பதும் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

கோபுரக் கூலர் வாங்குமுன் உயரம் பார்க்க வேண்டும். பல கூலர்கள் 155 முதல் 160 மில்லி மீட்டர் உயரம். ஒடுக்கமான கேபினட்டில் பக்கக் கதவு மூடாது. கேபினட்டின் விவரச் சீட்டில் இந்த அளவு இருக்கும். பசையைக் கடுகளவும் வேண்டாம், கரண்டியளவும் வேண்டாம். ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால், கூலரை இறுக்கும்போது அதுவே பரவும். அடியிலுள்ள பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து மாட்டிவிட்டு, கூலரைத் திட்டியவர்கள் பலர்.

தூசி தனிக் கதை. ரேணிகுண்டா - நாயுடுபேட்டை நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாத ஊரில், முன்புற விசிறிக்கு வலைச்சல்லடை இல்லாத கேபினட் மூன்று மாதத்தில் செம்மண் பூசிக்கொள்ளும். உள்ளிழுக்கும் காற்று வெளியேறும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருந்தால், சந்து பொந்துகள் வழியே தூசி நுழைவது குறையும். அதனால்தான் முன்னே இரண்டு, பின்னே ஒன்று என்ற கணக்கு. சமையலும் அதே அறையில் என்றால் தாளிப்புப் புகையின் எண்ணெயும் தூசியும் சேர்ந்து தகடுகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சும்மா ஊதினால் போகாது, பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்தே எடுக்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். ஜன்னலோரத் தண்ணீர்க் கூலரின் ஈரக்காற்று நேரே கேபினட்டில் அடிக்கும்படி வைப்பது மட்டும் கூடாது.

இன்னொரு சத்துரு, கம்ப்யூட்டர் மேஜை. நாற்புறமும் பலகை அடித்து, கேபினட்டுக்கென்று ஓர் அலமாரி அறை வைத்து, அதற்குக் கதவும் போட்டு விற்கிறார்கள். யந்திரம் தான் வெளியேற்றிய சூட்டைத் தானே மறுபடி குடித்துக்கொண்டிருக்கிறது. கதவைக் கழற்றி, பின்பலகையை அறுத்தெறிவதற்குத் தச்சருக்குக் கொடுக்கும் கூலி, எந்தக் கூலரின் விலையையும்விடக் குறைவு.

கடைக்காரர்களிடம் எதிர்பார்ப்பது பெரிய காரியமல்ல. பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பதுபோல, எந்த ஊரில், எந்த மாதிரி அறையில் வைக்கப்போகிறீர்கள் என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். ஏர்பேட்டில் மொட்டை மாடி அறை என்று பதில் வந்தால், கண்ணாடி முகப்பை ஒதுக்கி வலைமுகப்பை எடுத்துக் காட்டுவது அவர்கள் கடமை. விளக்கு விசிறிக்கு ஆகும் பணத்தில் சாதாரண விசிறி இரண்டு வரும். லாபத்தில் சில நூறு குறையலாம், வாடிக்கையாளர் திரும்பி வருவார். பெற்றோரும், மகன் கேட்கிறான் என்பதற்காகத் தலையாட்டாமல், இந்தப் பெட்டிக்குள் காற்று எந்த வழியாக நுழைகிறது என்று விரலால் காட்டச் சொல்லலாம். காட்ட இயலாத பெட்டியை வாங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் புதுக் கூலருக்குப் பணம் எடுத்து வைக்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு, பிராசஸர் சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு, கனமான வேலையைக் கொடுத்து, இருபது நிமிஷம் கழித்து டிகிரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, அதே வேலையை இன்னொரு இருபது நிமிஷம் ஓட்ட வேண்டும். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குறை கூலரில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. இறங்கவே இல்லையென்றால் கூலரைத் துடைத்து, பசையை மாற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் கடைக்குப் போகலாம்.