பவளக்காலியைப் பார்த்ததுண்டா?

நம் நாட்டுக்குக் குளிர்காலம் கிடையாது. குளிருக்குத் தப்பி வரும் விருந்தாளிகள் மட்டும் உண்டு. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற வடபுலங்களிலிருந்து வரும் கரைப்பறவைகள் கிள்ளான் கடலோரச் சேற்றில் புழுவும் நண்டும் தேடித் திரிகின்றன. கடல் ஏறினால் சேறு மூழ்கிவிடும். நீர் வடியும்வரை ஒதுங்கி நிற்க ஒரு திடல் வேண்டும். கரையெல்லாம் துறைமுகமும் தொழிற்சாலையுமாகிவிட்டபின் அவை எங்கே போகும்? காப்பார் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளங்களில் போய் நின்றன! உலகிலேயே அருகிவரும் நோர்ட்மன் பச்சைக்காலியும் அங்கே பதிவாகியிருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் காட்டிய இரக்கத்தை நாம் காட்டவில்லை.

தமிழ் மாணவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் நம் கழகத்திலேயே உண்டு. நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரை மேடையில் முழங்குகிறோம். பவளக்காலி, பச்சைக்காலி, உள்ளான் என்றால் விழிக்கிறோம். இவை அகராதிக்காரர் கட்டிய சொற்கள் அல்ல. இதே இனங்கள் வலசை போகும் கோடியக்கரைப் பக்கம் புழங்குபவை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த எனக்குக் காக்கையும் குயிலும்தான் கிடைத்தன.

1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைச் சங்கத்தார் 2000-இல் தஞ்சோங் துவானில் வல்லூறுத் திருவிழாவைத் தொடங்கினார்கள். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வடக்கே திரும்பும் தேன்பருந்துகளை அங்கே மார்ச்சில் காணலாம். அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது.

அடுத்த செயலவைக்கு ஒரு விண்ணப்பம்: பட்டிமன்றத்துக்கும் கலை இரவுக்கும் நடுவே கோலசிலாங்கூருக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். இரவல் தொலைநோக்கி இரண்டு போதும். மார்ச் தாண்டினால் விருந்தாளிகள் கிளம்பிவிடுவார்கள்.