நிற்பதே கடமை

சாலை எல்லார்க்கும் பொதுவானது. நடந்து செல்வோரும், மிதிவண்டியில் செல்வோரும், பேருந்திலும் மகிழுந்திலும் விரைவோரும் அதனை ஒருங்கே பயன்படுத்துகின்றனர். எவ்வளவு விழிப்பாக இருப்பினும் சில வேளைகளில் பிழை நேர்ந்துவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒருவர் அடிபட்டு வீழ்கிறார். அப்போது வண்டி ஓட்டியவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நின்று உதவுவது. மற்றொன்று, பிறர் காணுமுன் ஓடி மறைவது. மோதியது பிழையாக இருக்கலாம். ஓடுவதோ அறிந்தே செய்யும் குற்றம்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் மோதிவிட்டு ஓடிய விபத்துகள் 67,387 என்றும், அவற்றால் இறந்தோர் 30,486 பேர் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. நாள் ஒன்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் இவ்வாறு போயின. காலத்தில் உதவி கிடைத்திருப்பின் இவர்களுள் பலர் பிழைத்திருக்கக் கூடும் அன்றோ?

இது குறித்துச் சட்டம் கூறுவது யாது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134ஆம் பிரிவில், விபத்தில் தொடர்புடைய ஓட்டுநருக்கு மூன்று கடமைகளை விதிக்கிறது. முதலாவது, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்தல். இரண்டாவது, காவலர் அவ்விடத்தில் இல்லையாயின், அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எவ்வாற்றானும் 24 மணி நேரத்திற்குள், நடந்ததை அறிவித்தல். மூன்றாவது, காப்பீட்டு நிறுவனத்திற்கு விபத்தின் விவரங்களை எழுதித் தெரிவித்தல். இக்கடமைகளில் தவறுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம் என 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

“நின்றால் கூட்டம் கூடி அடிக்குமே, உயிருக்கு அஞ்சி ஓடினேன்” என்று சிலர் கூறுவர். இவ்வச்சம் பொய்யன்று. ஆனால் சட்டம் இதனையும் எண்ணிப் பார்த்துள்ளது. கூட்டத்தின் சினத்தால் அவ்விடத்தில் நின்று உதவ இயலாதபோது, அக்கடமையிலிருந்து அது விலக்கு அளிக்கிறது. ஆயினும் காவல் நிலையத்திற்குச் சென்று அறிவிக்கும் கடமையிலிருந்து விலக்கு இல்லை. அடிக்கு அஞ்சி அகல்வது வேறு. அடையாளத்தை மறைத்து ஒளிவது வேறு.

“நின்றால் இழப்பீடு கொடுத்தே என் குடும்பம் அழியும்” என்று வேறு சிலர் எண்ணுவர். இது காப்பீட்டின் இயல்பை அறியாதார் கூற்று. பொதுச் சாலையில் ஓடும் வண்டிகள் பிறர்க்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் காப்பீட்டைப் பெற்றிருத்தல் வேண்டும் என்பது சட்டம். அக்காப்பீடு முறையாக இருந்து, ஓட்டுநரிடம் உரிமமும் இருக்குமாயின், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை நிறுவனமே செலுத்தும். ஓட்டுநர் தம் வீட்டை விற்க வேண்டுவதில்லை.

ஆனால் எந்த வண்டி மோதியது என்றே தெரியாவிடில் எந்த நிறுவனத்தைக் கேட்பது? காப்பீடு வண்டியைச் சார்ந்தது. வண்டி மறைந்தால் காப்பீடும் மறைகிறது. இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம்.

முப்பது வயதுடைய நெசவாளர் ஒருவர் விபத்தில் இறந்தார் என்று கொள்வோம். அவருடைய திங்கள் வருவாய் 15,000 ரூபாய். மனைவியும் இரு மக்களும் அவரையே நம்பியிருந்தனர். ஆண்டு வருவாய் 1,80,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி, அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,20,000 ரூபாய் எஞ்சும். அவருடைய வயதிற்கு உரிய 17 என்னும் எண்ணால் அதனைப் பெருக்கினால் 20,40,000 ரூபாய் ஆகும். வருங்கால வருவாய் உயர்வையும் பிறவற்றையும் சேர்த்தால் இன்னும் மிகும். மோதியவரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படுமாயின் அக்குடும்பம் கேட்டுப் பெறத்தக்க தொகை இது.

மோதியவர் ஓடிவிட்டார், எவ்வளவு தேடியும் வண்டி இன்னதென அறிய இயலவில்லை. அந்நிலையில் அரசின் திட்டப்படி அக்குடும்பத்திற்குக் கிடைப்பது 2,00,000 ரூபாய் மட்டுமே. கொடுங்காயம் உற்றவர்க்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் நாளுக்கு முன்னர் இத்தொகைகள் முறையே 25,000 ரூபாயாகவும் 12,500 ரூபாயாகவும் இருந்தன. இறந்தவரின் வயதையோ வருவாயையோ இத்தொகை நோக்குவதில்லை. ஆகவே, ஓடியவர் அந்நெசவாளரின் உயிரோடு, அவர்தம் மக்களின் உணவையும் கல்வியையும் எடுத்துச் செல்கிறார். பத்தில் ஒன்பது பங்கு அவரோடு ஓடிவிடுகிறது.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நாம் அறிவோம். தேரில் சென்றவன் தன் மைந்தனே என்று தெரிந்தமையால் மனுநீதிச் சோழன் முறை செய்ய முடிந்தது. இன்னார் தேர் என்று தெரியாதிருந்தால் அவன் யாது செய்திருப்பான்? பசுவுக்கு இரங்கியிருப்பான், நீதி வழங்கியிருக்க முடியாது. எவ்வளவு சிறந்த அரசிலும் நீதி பிறப்பதற்கு உண்மை முதலில் வெளிப்பட வேண்டும்.

அரசு அளிக்கும் அச்சிறு தொகையும் உரியவரைச் சேர்வதில்லை என்பது மேலும் வருந்தத்தக்கது. 2022-23ஆம் நிதியாண்டில் இத்திட்டத்தின்கீழ் வந்த விண்ணப்பங்கள் 205 மட்டுமே. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012ஆம் ஆண்டு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு திங்களுக்குள் வண்டியின் விவரம் கிட்டாவிடில், இத்திட்டத்தைக் குறித்துப் பாதிக்கப்பட்டோர்க்குக் காவல்துறை எழுத்து வாயிலாக அறிவிக்க வேண்டும் என்பது அதன் பொருள். வருவாய்த்துறை அலுவலர் விசாரித்து அறிக்கை தர, மாவட்ட ஆட்சியர் தொகைக்கு ஆணையிடுவார். இச்செய்தியை ஊர்தோறும் பரப்புதல் கற்றோர் கடமையாகும்.

தண்டனையைக் கடுமையாக்கினால் மட்டும் போதுமா? மோதி உயிர் போக்கிவிட்டு அறிவிக்காது ஓடுவோர்க்குப் பத்து ஆண்டு வரை சிறை விதிக்கும் பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓடுவோரைத் தண்டித்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிற்போரை அடியாது காக்கும் பண்பும் மக்களிடம் வளர வேண்டும். நின்றவரை அடிக்கும் ஊர், அடுத்தவரை ஓடக் கற்பிக்கிறது.

மாணவர்களே! நீங்கள் இன்று வண்டி ஓட்டும் பருவத்தினர் அல்லீர். ஆயினும் சாலையில் நாள்தோறும் செல்கின்றீர்கள். விபத்தைக் கண்டால் 108 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். வண்டியின் எண்ணையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிவைக்கும் ஓர் எண், ஒரு குடும்பத்தின் வாழ்வைக் காக்கும். உதவி செய்தால் வழக்கில் சிக்குவோமோ என அஞ்ச வேண்டா. நல்லெண்ணத்துடன் உதவுவோர்க்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பு அளிக்கிறது. விரும்பாதவிடத்துத் தம் பெயரைக் கூறுமாறும் அவர்களை வற்புறுத்தல் ஆகாது.

நாளை நீங்களும் வண்டி ஓட்டுவீர்கள். விரைந்து செலுத்தக் கற்பது எளிது. பிழை நேர்ந்த இடத்தில் நிற்கக் கற்பதே அரிது. அதனை இன்றே உள்ளத்தில் கொள்ளுங்கள்.